பழைய செஸ்னாவை விற்கும் வழிகள்: எது யாருக்குப் பொருந்தும்?

அமெரிக்காவின் சிறிய விமான நிலையங்களில் கயிறு கட்டி நிறுத்தியிருக்கும் ஒற்றை எஞ்சின் விமானங்களில் பெரும்பகுதி 1960களிலும் 1970களிலும் தயாரானவை. செஸ்னா 172, பைப்பர் செரோக்கி, மூனி எம்20, பீச்கிராஃப்ட் பொனான்ஸா ஆகியவைதான் கண்ணில் அதிகம் படும். இழப்பீட்டு வழக்குகளும் விற்பனைச் சரிவும் சேர்ந்து நெருக்கியதால் செஸ்னா நிறுவனம் 1986இல் சிறிய பிஸ்டன் விமானங்கள் செய்வதையே நிறுத்திவிட்டது. 18 ஆண்டுகளைக் கடந்த சிறு விமானத்துக்காகத் தயாரிப்பாளர் மீது பெரும்பாலும் வழக்குத் தொடுக்க முடியாது என்று 1994இல் சட்டம் வந்த பிறகே 172 மறுபடி உற்பத்திக்கு வந்தது. இன்று புதிய 172 ஒன்று வாங்க நான்கு லட்சம் டாலருக்கு மேல் வேண்டும். ஐம்பது வயதான 172ஐயும் தேடிவந்து வாங்க ஆள் இருப்பது அதனால்தான்.

அப்படி ஒரு விமானத்தை வைத்திருப்பவருக்காக இதை எழுதுகிறேன். கண் பார்வை மங்கியிருக்கலாம், பிள்ளைகளின் கல்லூரிச் செலவு வந்திருக்கலாம், பறக்க நேரமே கிடைக்காமல் போயிருக்கலாம். விற்க வேண்டும் என்று தோன்றியவுடன் பலரும் கேட்கும் முதல் கேள்வி, 'தரகரிடம் கொடுக்கலாமா, நானே விற்கலாமா?' என்பது. என் கருத்தில் அது இரண்டாவது கேள்வி. விமானம் இப்போது பறந்துகொண்டிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. எந்த வழி உங்களுக்குத் திறந்திருக்கிறது, எது அடைபட்டுவிட்டது என்பதையெல்லாம் அந்தப் பதில்தான் தீர்மானிக்கிறது.

நின்றுபோன விமானம்

பெரும்பாலான செஸ்னா 172களிலும் செரோக்கிகளிலும் இருக்கும் லைகமிங் எஞ்சினில், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட், புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டுக்கு மேலே அமைந்திருக்கிறது. எஞ்சின் நின்றதும் எண்ணெய் கீழே வடிந்துவிடும். நாள் ஆக ஆக மேலே இருக்கும் கேம்ஷாஃப்ட்டும் அதை ஒட்டிய டாப்பெட்டுகளும் காய்ந்து துருப்பிடிக்கத் தொடங்கும். மறுபடி ஓட்டும்போது அந்தத் துரு தேய்ந்து உலோகத் துகள்களாக எண்ணெய் வடிகட்டியில் வந்து சேரும். 30 நாட்களுக்கு ஒருமுறையாவது, எண்ணெய்ச் சூடு 165 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல், தொடர்ந்து ஒரு மணி நேரம் பறக்க வேண்டும் என்று லைகமிங் நிறுவனமே அறிவுறுத்துகிறது. தரையில் நிறுத்தி எஞ்சினை ஓடவிடுவது இதற்கு மாற்று ஆகாது. போதிய சூடு ஏறாததால் ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது.

விவரம் தெரிந்த வாங்குநர் விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான லாக்புக்கைத் திறந்ததும் கடந்த ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பார். ஆண்டுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் பறந்த, 'ஓவர்ஹாலுக்குப் பின் 400 மணி' எஞ்சினை (முழுதாகப் பிரித்துப் புதுப்பித்த பின் 400 மணி நேரம் ஓடியதை) விட, ஆண்டுக்கு எண்பது மணி நேரம் பறந்த 1,200 மணி எஞ்சினே மேல் என்று அவர் நினைப்பார். அவர் நினைப்பது சரி.

இதோடு ஆண்டுப் பரிசோதனை சேர்ந்துகொள்கிறது. பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை, பரிசோதனை அதிகாரம் பெற்ற மெக்கானிக் முழுமையாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து காலாவதியாகிவிட்டால், அமெரிக்க விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான எஃப்.ஏ.ஏ.விடம் சிறப்பு அனுமதி வாங்காமல் விமானத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகக்கூட முடியாது. சோதனைப் பறப்பு இல்லை, வேறு ஊர் மெக்கானிக்கிடம் காட்ட வழி இல்லை. வாங்குநர்களில் பாதிப்பேர் அங்கேயே விலகிவிடுவார்கள். மீதி இருப்பவர்கள் அடிமாட்டு விலை கேட்பவர்கள்.

ஆகவே பரிசோதனை முடிந்து ஒன்றிரண்டு மாதங்களுக்குள் விற்பனைக்கு வைப்பதே சரியான காலம். அடுத்த பரிசோதனைக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால், அதை முடித்துவிட்டே விளம்பரம் கொடுங்கள். அந்தச் செலவு உங்களுக்கு விலையிலேயே திரும்பிவிடும்.

மருத்துவச் சான்று கிடைக்காது என்ற ஒரே காரணத்துக்காக விற்க நினைப்பவர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2025 ஜூலையில் எஃப்.ஏ.ஏ. அறிவித்து, அதே ஆண்டு அக்டோபர் 22 முதல் நடைமுறைக்கு வந்த 'மொசைக்' விதிகளின்படி, எளிய விமானங்களுக்கான ஸ்போர்ட் பைலட் உரிமையின் கீழ் ஓட்டக்கூடிய விமானங்களின் வரம்பு பெரிதாகிவிட்டது. செஸ்னா 172 அதற்குள் வந்துவிடுகிறது. ஒரே ஒரு பயணிதான் கூட வரலாம். ஆனால் பகல் பறப்புக்கு மருத்துவச் சான்றுக்குப் பதிலாக வாகன ஓட்டுநர் உரிமமே போதும். கடைசி மருத்துவச் சோதனையில் நிராகரிக்கப்பட்டவருக்கு இந்த வாய்ப்பு இல்லை. அதனால் சோதனைக்குப் போகும் முன்பே இதை எண்ணிப் பார்க்க வேண்டும். வாங்குநர் கூட்டத்தையும் இந்த விதி விரிவாக்கியிருக்கிறது. எளிமையான நான்கு இருக்கை விமானம் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி.

எஞ்சினை ஓவர்ஹால் செய்துவிட்டு விற்கலாமா?

எந்த வழியில் விற்றாலும் இந்தக் கேள்வி வரும் என்பதால் முதலிலேயே பேசிவிடுகிறேன். 1970களின் நடுவில் வந்த 172எம் மாடலில் இருப்பது 150 குதிரைத்திறன் லைகமிங் ஓ-320. அதற்கு நிறுவனம் பரிந்துரைக்கும் ஓவர்ஹால் இடைவெளி 2,000 மணி. தனிப்பட்ட உபயோகத்துக்கு ஓட்டுபவரை அந்த எண் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனாலும் சந்தை அந்த எண்ணை வைத்தே விலை பேசுகிறது. 1,900 மணி ஓடிய எஞ்சின் என்றால் ஓவர்ஹால் செலவையே விலையில் கழித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள்.

அதற்காக நீங்களே 30,000 டாலருக்கு மேல் செலவழித்து, பட்டறையில் மாதக்கணக்கில் காத்திருந்து, புது எஞ்சினோடு விற்கலாமா? வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. செலவழித்த தொகை முழுவதும் விலையில் திரும்பி வராது. விற்பதற்காகவே செய்த ஓவர்ஹாலைப் பார்த்தால் வாங்குநருக்குச் சந்தேகம்தான் வரும். மலிவான பட்டறையில் மலிவாக முடித்திருப்பார்கள் என்று நினைப்பார். தனக்குப் பிடித்த பட்டறையில், தன் மேற்பார்வையில் செய்துகொள்ளும் வாய்ப்பை அவருக்கே விட்டுவிடுவது இருவருக்கும் நல்லது. எஞ்சினை உள்ளபடி விற்று, விலையை நேர்மையாகக் குறையுங்கள்.

வானொலிக் கருவிகளுக்கும் இதே கணக்குதான். மின்னணுத் திரைகளோடு புதிய பேனல் போட்டால் போட்ட பணத்தில் பாதி திரும்பினாலே பெரிது. விமானம் இருக்கும் இடத்தைத் தானாகவே அறிவித்துக்கொண்டிருக்கும் ஏடிஎஸ்-பி அவுட் கருவி மட்டும் விதிவிலக்கு. 2020 ஜனவரி 1 முதல், பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்வெளியில் அது இல்லாமல் பறக்க முடியாது. இறக்கை நுனி விளக்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பொருத்தும் கருவிகளே இருக்கின்றன. இதுவரை போடாமல் இருந்தால் போட்டுவிடுங்கள். எரியாத விளக்கு, விரிசல் விட்ட பிளாஸ்டிக், தேய்ந்த டயர் போன்ற சிறு குறைகளைச் சரிசெய்ய ஆகும் பணம் சொற்பம், பலன் அதிகம். உரிமையாளர் கவனமாக இருந்திருக்கிறார் என்பதை அவையே சொல்லிவிடும்.

தானே விற்பது

மேலே சொன்ன நிபந்தனைகள் பொருந்தும் சாதாரண விமானத்துக்கு, அதாவது 172, செரோக்கி, செஸ்னா 150 போன்ற எல்லோருக்கும் தெரிந்த மாடலுக்கு, தானே விற்பதுதான் சிறந்த வழி என்று நினைக்கிறேன். இவற்றை அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமில்லை. 172 மட்டும் 44,000க்கும் மேல் தயாராகியிருக்கிறது. வாங்குநருக்கு விமானத்தைத் தெரியும். அவர் அறிய விரும்புவது இந்த ஒன்றின் வரலாற்றை. அந்த வரலாற்றை உரிமையாளரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் எவரும் இல்லை.

விலை வைப்பதில்தான் மனம் தடுமாறும். விளம்பரங்களில் காணும் விலைகள் கேட்கும் விலைகள். விற்ற விலைகள் அல்ல. மாதக்கணக்கில் விலகாமல் இருக்கும் விளம்பரம், அந்த விலைக்கு அது போகவில்லை என்பதற்கே சாட்சி. விமான உரிமையாளர்கள், விமானிகள் சங்கமான ஏஓபிஏவின் உறுப்பினர்களுக்கு விரெஃப் என்ற மதிப்பீட்டுச் சேவை கிடைக்கிறது. தயாரான ஆண்டு, மொத்த மணி, எஞ்சின் மணி, கருவிகள் ஆகியவற்றைக் கொடுத்தால் ஒரு மதிப்பு தரும். அதைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டு, பெயின்ட், உள்ளலங்காரம், விபத்து வரலாறு ஆகியவற்றுக்குக் கூட்டிக் கழியுங்கள். பல ஆண்டுகளில் நீங்கள் செலவழித்த தொகையைக் கூட்டி விலை வைப்பது பயன்தராது. அந்தப் பணத்துக்கு நீங்கள் பறந்துவிட்டீர்கள்.

விளம்பரத்துக்கு 1937 முதல் மஞ்சள் தாளில் வந்துகொண்டிருந்த ட்ரேட்-எ-பிளேன், கன்ட்ரோலர், பார்ன்ஸ்டார்மர்ஸ் ஆகிய மூன்றும் போதும். உள்ளூர் விமான நிலையத்தின் அறிவிப்புப் பலகையை அலட்சியம் செய்யாதீர்கள். உங்கள் விமானத்தை வாரா வாரம் பார்க்கும் மாணவ விமானி ஒருவர் அங்கேயே இருக்கக்கூடும். பயிற்சியாளர்களிடமும் மெக்கானிக்கிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

ஆனால் விளம்பரத்துக்கு முன் காகிதங்கள். பழைய விமானத்தின் மதிப்பில் பெரும்பங்கு அவற்றில்தான் இருக்கிறது. உடல், எஞ்சின், புரொப்பெல்லர் மூன்றுக்கும் தயாரான நாளிலிருந்து தொடர்ச்சியான லாக்புக்குகள் இருக்க வேண்டும். ஒன்று தொலைந்திருந்தாலும் விலை இறங்கும். எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அசலை எவரிடமும் அனுப்ப வேண்டாம். எஃப்.ஏ.ஏ. பிறப்பிக்கும் கட்டாயப் பாதுகாப்பு உத்தரவுகளில் (விமானத் தகுதி உத்தரவுகள்) நிறைவேற்றியவற்றின் பட்டியல் தனியாக வேண்டும். செஸ்னா என்றால் இருக்கை நழுவாமல் பிடித்துக்கொள்ளும் தண்டவாளப் பரிசோதனையை எவரும் கேட்பார்கள். பைப்பர் என்றால் இறக்கையின் முக்கியத் தாங்கி. 2018இல் ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் பயிற்சி விமானம் ஒன்றின் இறக்கை வானத்திலேயே பிரிந்த பிறகு, செரோக்கி அடங்கிய பிஏ-28 வகையின் பல மாடல்களுக்கு அந்தத் தாங்கியின் போல்ட் துளைகளைச் சோதிக்க உத்தரவு வந்தது. உங்கள் விமானத்துக்கு அது பொருந்துகிறதா, பொருந்தினால் சோதித்தாயிற்றா என்பதை வாங்குநர் கேட்கும் முன்பே சொல்ல முடிய வேண்டும்.

அடுத்தது ஓக்லஹோமா சிட்டி. எஃப்.ஏ.ஏ.வின் விமானப் பதிவகம் அங்குதான் இருக்கிறது. ஒவ்வொரு விமானத்தின் உரிமை மாற்றங்கள், கடன் பதிவுகள், பெரிய பழுதுபார்ப்புகளின் படிவங்கள் எல்லாம் அங்கே கோப்பாக உள்ளன. சிறு கட்டணத்துக்கு எவரும் நகல் வாங்கலாம். விற்பவர் முதலில் வாங்கிப் படித்துவிட வேண்டும். நிலம் விற்பவர் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பதுபோலத்தான் இது. 1978இல் முந்தைய உரிமையாளர் வாங்கிய வங்கிக் கடன் எப்போதோ அடைபட்டிருக்கும். ஆனால் அடைந்ததற்கான பத்திரம் பதிவாகாமல் இருக்கும். அந்த வங்கியே இப்போது இல்லாமலும் இருக்கலாம். திவாலான வங்கி என்றால் வங்கி வைப்புகளுக்குக் காப்பீடு தரும் எஃப்.டி.ஐ.சி. அமைப்பிடம் விடுவிப்புப் பத்திரம் கேட்கலாம்; இன்னொரு வங்கியோடு இணைந்திருந்தால் அந்த வங்கியைத் தேடிப் போக வேண்டும். எப்படியும் வாரக்கணக்கில் ஆகும் வேலை. வாங்குநர் பணத்தோடு நிற்கும்போது இதைக் கண்டுபிடித்தால் பேரம் முறிந்துவிடும்.

விபத்து வரலாறு இருந்தால் விளம்பரத்திலேயே எழுதுங்கள். புரொப்பெல்லர் தரையில் தட்டியது, புயலில் இறக்கை நசுங்கியது, எதுவானாலும் சரி. நன்றாகப் பழுதுபார்த்து, காகிதத்தில் பதிவாகி, அதற்குப் பின் ஆயிரம் மணி பறந்த விமானத்தை எவரும் ஒதுக்குவதில்லை. விற்பவர் சொல்லாமல் வாங்குநரே கண்டுபிடித்தது என்றால் மட்டுமே அது பெரிய விஷயமாகிறது. இன்னொருவரின் குடும்பம் அந்த இறக்கையின் கீழ் உட்காரப் போகிறது. இதில் ஒளிப்பதற்கு இடமே இல்லை.

வாங்குமுன் பரிசோதனை எனும் கண்டம்

தானே விற்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். வாங்குமுன் பரிசோதனைக்கு எஃப்.ஏ.ஏ. விதிகளில் வரையறை எதுவும் இல்லை. என்ன பார்க்க வேண்டும் என்பது இரு தரப்பும் ஒப்புக்கொள்வதைப் பொறுத்தது. வழக்கமாக சிலிண்டர்களின் அழுத்தச் சோதனை, எஞ்சினுக்குள் நுழைக்கும் சிறு கேமராவான போரஸ்கோப்பால் வால்வுகளைப் பார்ப்பது, எண்ணெய் வடிகட்டியை வெட்டிப் பார்ப்பது, இறக்கையிலும் வாலிலும் துரு தேடுவது, லாக்புக் ஆய்வு ஆகியவை அடங்கும். உங்கள் விமானத்தை வழக்கமாகப் பார்க்காத மெக்கானிக்கிடம் செய்ய வாங்குநர் விரும்புவார். அது நியாயமே. செலவு அவருடையது.

ஆனால் 'அப்படியே ஆண்டுப் பரிசோதனையாகவே செய்துவிடலாமே' என்று அவர் கேட்டால் உடனே சம்மதிக்காதீர்கள். ஆண்டுப் பரிசோதனை என்று தொடங்கிவிட்டால், அந்த மெக்கானிக் பறக்கத் தகுதியற்ற குறை எதையாவது கண்டால் கையெழுத்திட மறுத்து, குறைப் பட்டியலை உரிமையாளரிடம் தர வேண்டும். விமானம் உங்கள் ஊரிலிருந்து 300 மைல் தள்ளி, முன்பின் தெரியாத பட்டறையில் நிற்கும். வாங்குநர் கைவிட்டுவிட்டால் அதை வெளியே கொண்டுவருவது உங்கள் பாடு. சரியான முறை இதுதான்: முதலில் வாங்குமுன் பரிசோதனை மட்டும், பெரிய குறை இல்லை என்று தெரிந்து, இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு வேண்டுமானால் ஆண்டுப் பரிசோதனையாக மாற்றலாம். பரிசோதனைக்கு எங்கே, எவ்வளவு தூரம் பறக்கலாம் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

குறைகளின் பணத்தை யார் ஏற்பது? பறக்கத் தகுதியைப் பாதிக்கும் குறையை விற்பவர் சரிசெய்து தருவார் அல்லது விலையில் கழிப்பார். மற்றவை வாங்குநரின் பாடு. இந்த வழக்கத்தை முன்பணம் வாங்கும்போதே எழுதிவைத்தால் பிறகு மனக்கசப்பு வராது. முன்பணத்தையும் முழுத் தொகையையும், இரு தரப்புக்கும் நடுவில் பணத்தை வைத்திருந்து உரிமை ஆய்வும் செய்து தரும் எஸ்க்ரோ நிறுவனம் வழியாகவே வாங்குங்கள். பெயர் பெற்ற பலவும் ஓக்லஹோமா சிட்டியிலேயே இயங்குகின்றன. வங்கிக் காசோலை என்று நீட்டப்படும் போலிகள் இந்தச் சந்தையிலும் உண்டு. கேட்ட விலையைவிடக் கூடுதலாக எழுதி, மீதியைத் திருப்பி அனுப்பச் சொல்பவர் மோசடிக்காரர்.

சோதனைப் பறப்பு பற்றி ஒன்று. விமானத்தைப் பார்க்க வருகிற எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போகத் தேவையில்லை. விலையில் உடன்பாடு வந்து, முன்பணம் கட்டியவருக்கு மட்டும். நீங்களோ உங்கள் காப்பீட்டில் பெயர் உள்ள விமானியோ பொறுப்பு விமானியாக இருங்கள். சாவியை மட்டும் கொடுத்து அனுப்புவது கூடவே கூடாது.

தரகரிடம் கொடுப்பது

தரகரின் கமிஷன் பொதுவாக விலையில் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். ஆனால் மலிவான விமானங்களுக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்று வைத்திருப்பார்கள். அதனால் 40,000 டாலர் செஸ்னா 150க்கு அந்தக் குறைந்தபட்சமே பெரிய சதவீதமாகிவிடுகிறது. நல்ல தரகர்கள் பலரும் அந்த விலையில் உள்ள விமானத்தை எடுப்பதும் இல்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, வேலை ஒன்றுதான், வருமானம் வேறு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். விமானம் 80,000 டாலருக்குப் போகும் என்றும், கமிஷன் 8 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால் 6,400 டாலர் தரகருக்கு. ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாடகை, காப்பீடு எல்லாம் சேர்த்து விமானத்தை வைத்திருக்க மாதம் 600 டாலர் ஆகிறது என்று கொள்வோம். தானே விற்பவர் தரகரைவிட நான்கு மாதம் கூடுதலாக எடுத்துக்கொண்டாலும் 2,400 டாலர்தான் செலவு. ஏறக்குறைய பதினொரு மாதம் கூடுதலாக எடுத்துக்கொண்டால்தான் இரண்டும் சமமாகும். சாதாரண மாடலுக்கு நியாயமான விலை வைத்திருந்தால் அவ்வளவு தாமதம் வர வாய்ப்புக் குறைவு.

ஆனால் இந்தக் கணக்குக்கு வெளியே சிலர் இருக்கிறார்கள். விமானி இறந்துபோய், விமானத்தைப் பற்றி எதுவும் தெரியாத மனைவியும் பிள்ளைகளும் விற்க வேண்டிய நிலை அவற்றில் முக்கியமானது. அழைப்பவர்கள் கேட்கும் கேள்வி எதற்கும் அவர்களால் பதில் சொல்ல முடியாது. சோதனைப் பறப்புக்கு ஏற்றிச்செல்லவும் ஆள் இல்லை. துக்க வீட்டுக்கு அடிமாட்டு விலையோடு முதலில் வருபவர்கள் எங்கும் உண்டு. அவர்களுக்கு நல்ல தரகரின் கமிஷன் நியாயமான கூலி. உரிமையாளர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டாலும், டர்போ எஞ்சின் பொனான்ஸா போன்ற விலை உயர்ந்த, வாங்குநர் குறைந்த விமானமானாலும் தரகர் பக்கமே சாய்வேன்.

ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். காலவரம்பு இருக்க வேண்டும்; சில மாதங்களில் விற்காவிட்டால் வெளியேற உரிமை வேண்டும். 'உங்களுக்கு இவ்வளவு தருகிறேன், அதற்கு மேல் வருவது எனக்கு' என்ற ஏற்பாட்டுக்குச் சம்மதிக்க வேண்டாம். வாங்குநர் உண்மையில் கொடுத்தது எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

மற்ற வழிகள்

விமான வியாபாரியிடம் நேரடியாக விற்றால் ஒரு வாரத்தில் பணம் வரும். அவர் திரும்ப விற்று லாபம் பார்க்க வேண்டும், எஞ்சின் அபாயத்தையும் ஏற்கிறார். அதற்கேற்பவே விலை குறைவாக இருக்கும். அவசரத் தேவை இருப்பவருக்கும், பறக்காமல் நின்றுவிட்ட விமானத்துக்கும் இது பொருந்தும். ஒரே வியாபாரியோடு நிற்காமல் இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள்.

பாதிப் பங்கை விற்பது, விற்கவே மனமில்லாதவருக்கான வழி. செலவு பாதியாகும், விமானம் அடிக்கடி பறக்கும், எஞ்சினுக்கும் நல்லது. யார் எப்போது ஓட்டுவது, பெரிய செலவை எப்படிப் பகிர்வது, ஒருவர் விலகினால் மற்றவருக்கு முதல் உரிமை, விலை எப்படி முடிவாகும் என்பதையெல்லாம் எழுதிக்கொண்டுதான் தொடங்க வேண்டும். இன்னொருவர் செய்யும் தவறு உங்கள் சொத்தையும் தொடக்கூடும் என்பதால் வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசுங்கள். பறக்கும் பயிற்சிப் பள்ளிக்கு வாடகைக்கு விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பயிற்சியாளரோடு வாடகைக்கு விடும் விமானத்துக்கு நூறு மணிக்கு ஒருமுறை பரிசோதனை வேண்டும், காப்பீடு பல மடங்காகும், மாணவர்களின் தரையிறக்கங்களுக்குப் பிறகு விற்கும்போது விலையும் இறங்கியிருக்கும்.

நன்கொடை கொடுத்தால் வரி மிச்சமாகும் என்று பலர் நம்புகிறார்கள். தொண்டு நிறுவனம் விமானத்தைப் பயன்படுத்தாமல் விற்றுவிட்டால், அது விற்ற தொகை மட்டுமே உங்களுக்குக் கழிவாகக் கிடைக்கும். 5,000 டாலருக்கு மேல் மதிப்பு சொல்லிக் கழிவு கேட்டால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கை தேவைப்படும். செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிடாமல் நிலையான வரிக் கழிவை எடுப்பவருக்குப் பலனே இல்லை. மெக்கானிக் பயிற்சி தரும் கல்லூரிக்குக் கொடுத்தால் நிலைமை வேறு. அவர்கள் விமானத்தையே பாடப் பொருளாகப் பயன்படுத்துவார்கள். பறக்கத் தகுதி இழந்த விமானத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

பாகங்களாகப் பிரித்து விற்பது கடைசி வழி. எஞ்சின், புரொப்பெல்லர், வானொலிகள், கதவுகள், வால் பகுதிகள் தனித்தனியாகப் போனால் மொத்தமாக விற்பதைவிட அதிகம் வரலாம். ஆனால் ஒவ்வொரு பாகத்துக்கும் காகிதம் வேண்டும், வைக்க இடம் வேண்டும், ஆண்டுக்கணக்கில் பொறுமை வேண்டும். தாங்கிகளில் துரு ஏறி, பழுதுபார்க்கும் செலவு விமானத்தின் விலையையே தாண்டும்போது மட்டும் இதை எடுங்கள். பறக்கக்கூடிய விமானத்தைப் பிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை; அந்தக் காலத்து விமானம் இனி ஒன்றுகூடப் புதிதாக வரப்போவதில்லை.

கைமாறும் நாள்

விற்பனை ஒப்பந்தத்தில் விமானம் 'உள்ளது உள்ளபடி' விற்கப்படுகிறது என்ற வாசகம் இருக்கட்டும். தெரிந்த குறையை மறைத்தவரை அது காப்பாற்றாது. எஃப்.ஏ.ஏ.வின் 8050-2 படிவம்தான் விற்பனைப் பத்திரம். பதிவுச் சான்றிதழில் உள்ள பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படியே அதிலும் இருக்க வேண்டும். முதலெழுத்து மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தமிழ்ப் பெயர் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: கடவுச்சீட்டில் ஒரு மாதிரி, உரிமத்தில் ஒரு மாதிரி, பதிவில் ஒரு மாதிரி என்று தந்தை பெயர் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கூட்டு உரிமை என்றால் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். நிறுவனத்தின் பெயரில் இருந்தால் கையெழுத்திடுபவரின் பதவியும் வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால் பொதுவாக நீதிமன்றம் தந்த நியமனக் கடிதத்தின் சான்றிட்ட நகல் கேட்பார்கள்.

வாங்குநர் 8050-1 விண்ணப்பத்தோடு பத்திரத்தையும் பதிவகத்துக்கு அனுப்புவார். அதை அவர் பொறுப்பில் விடாமல் எஸ்க்ரோ நிறுவனமே தாக்கல் செய்யும்படி ஏற்பாடு செய்யுங்கள். அவர் மறந்தாலோ தள்ளிப்போட்டாலோ, அரசின் ஏட்டில் உரிமையாளர் நீங்களாகவே இருப்பீர்கள். எங்காவது ஏதாவது நடந்தால் உங்கள் வீட்டுக் கதவுதான் தட்டப்படும். உங்கள் பழைய பதிவுச் சான்றிதழின் பின்பக்கத்தில் வாங்குநரின் பெயரையும் முகவரியையும் நிரப்பிக் கையெழுத்திட்டு, 21 நாட்களுக்குள் ஓக்லஹோமா சிட்டிக்கு நீங்களே அனுப்ப வேண்டும்.

விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விமானம் எந்த மாநிலத்தில் கைமாறுகிறது என்பதைப் பொறுத்து வரியும் மாறக்கூடும் என்பதால், ஒப்படைக்கும் இடத்தை முடிவு செய்யும் முன் வரி ஆலோசகரிடம் கேளுங்கள். தொழிலுக்காகப் பயன்படுத்தித் தேய்மானக் கழிவு எடுத்திருந்தால், விற்ற ஆண்டில் அதற்கும் வரி வரும். காப்பீட்டை, பணம் வந்து பத்திரம் தாக்கலான பிறகே நிறுத்துங்கள். லாக்புக்குகளின் ஸ்கேன், ஒப்பந்தம், பத்திரத்தின் நகல் ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். புதிய உரிமையாளர் சில ஆண்டுகள் கழித்து ஒரு பக்கத்தைக் காணவில்லை என்று அழைத்தால் உங்களிடம் அது இருக்க வேண்டும்.